ஆறாவது நிலாவில் சுட்டது நான்தான்

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்துவிட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு. இயற்பியல் ரெகார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில், சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கல்யாணமாகி, நீ பிறந்து, மீசை முளைத்து, என்னைவிட உயரமாக வளர்ந்து என் முன்னால் நிற்கும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். மகள் பிறந்தால் அவளுக்கு இந்தக் கடிதம் வேண்டியதில்லை. அவளுக்கு யாரும் எழுதித் தராமலே எல்லாம் தெரிந்துவிடும். உனக்குத்தான் எழுதித் தர வேண்டியிருக்கிறது. அதிலேயே உன்மேல் எனக்குப் பாதிக் கோபம்.

உன் மாமன், அதாவது என் அண்ணன், கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வாரம்போல இந்த வாரமும் அவனுக்கு இரண்டாவது ஷிப்டு. கம்பெனி பஸ் அவனைக் கோலியனூர் கூட்டுரோட்டில் இறக்கிவிடும்போது மணி பதினொன்றரை ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி முடித்து, நோட்டைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். இன்று சாயங்காலம் நான் செய்த காரியம் இந்நேரம் அவன் காதுக்குப் போயிருக்கும். வந்தால் என்ன செய்வான் என்று தெரியாது. இனி கம்ப்யூட்டரைத் தொட்டால் கையை உடைத்து அடுப்பில் வைப்பேன் என்று போன ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டான். பயமாக இருக்கிறது. எழுத்து கோணினால் படிக்க முடியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. எழுத்துக் கூட்டிப் படி.

எல்லாம் ஒரு வீடியோ கேமில் தொடங்கியது. நீ பெரியவனாகும்போது அது எத்தனையாவது பாகத்துக்கு வந்திருக்குமோ, அதையும் நீ விளையாடிக்கொண்டிருப்பாயோ என்னவோ. ‘சிக்ஸ்த் மூன்’ என்று பெயர். எனக்கு ஆறேழு வயது இருக்கும்போது திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அப்பா மினி லாரி ஓட்டுகிறவர். அங்கிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, சாக்கு போட்டு மூடி, மகன் படிப்பான் என்று கொண்டுவந்தார். அதற்குள் அந்த விளையாட்டின் முதல் பாகம் இருந்தது. ஏதோ ஒரு கிரகத்தின் ஆறாவது நிலாவில் சுரங்கம் தோண்டப் போனவர்களிடமிருந்து தகவல் நின்றுவிடும். என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரே ஒரு சிப்பாய் போவான். முகத்தை மூடிய ஹெல்மெட். பேசவே மாட்டான். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று கடைசிவரை காட்டவில்லை. சுவரெல்லாம் எட்டுக்கால் பூச்சிகள் ஊர்ந்து வரும், அவற்றைச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் விளையாடியது அவன். நடப்பது அவன், சுடுவது அவன், குதிப்பது அவன். எனக்கு ஒரே ஒரு பட்டன் கொடுத்திருந்தான், துப்பாக்கியில் குண்டு மாற்றுகிற பட்டன். “மாத்துடி! ஜல்தி!” என்று கத்துவான். நான் அமுக்குவேன். ஒரு நொடி தாமதமானால் தலையில் கொட்டு விழும். கொட்டுக்குப் பயந்து, அவன் கத்துவதற்கு முன்னாலேயே குண்டுகளை மனசுக்குள் எண்ணப் பழகினேன். முப்பது குண்டு. இருபத்தாறில் மாற்றிவிட்டால் கொட்டு இல்லை. இன்றைக்கும் ஆட்டத்தில் ஒவ்வொரு குண்டும் எனக்குக் கணக்கில் இருக்கிறது. மற்றவர்கள் காலித் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கும். அண்ணன் எனக்கு ஏதாவது கற்றுக்கொடுத்தான் என்றால் அது இதுதான், அதையும் தெரியாமல் கற்றுக்கொடுத்தான்.

இரண்டாம் பாகத்தில் சிப்பாய்கள் இரண்டு பேர் ஆனார்கள். இரண்டாவது ஆள் பெண். பூச்சி கடிக்கிற இடத்தில் சுற்றுகிறவளுக்கு வயிறு தெரிய ஒரு கவசம் மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் வேலை, அடிபட்ட முதல் ஆளுக்கு மருந்து போடுவது. “அது உனுக்கு” என்றான் அண்ணன். நான் மருந்து போட்டேன். சுடலாமா என்று கேட்டால், “நீ சுட்டா எனக்கு எவ மருந்து போடுவா?” என்பான். மூன்றாம் பாகத்தில் கதையைத் தூக்கிவிட்டார்கள். பூச்சிகள் போயின. ஐந்து பேருக்கு ஐந்து பேர், மனிதரை மனிதர் சுட்டார்கள். காதில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொள்ளலாம் என்று வந்ததும் இந்தப் பாகத்தில்தான். அதுவரை துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்ட எங்கள் வீட்டில், தோற்றவனின் அம்மாவையும் அக்காவையும் பேசுகிற பேச்சு கேட்கத் தொடங்கியது. அண்ணனும் பேசினான். அம்மா காது கேட்காதவள்போல உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நடப்பது நான்காம் பாகம். அந்த ஆறாவது நிலாவை நீ பார்த்தால் காறித் துப்புவாய். சுரங்கம் இருந்த இடத்தில் நீலக் கூரையும் மஞ்சள் கூரையும் போட்ட வீடுகள். சிப்பாய்க்குப் பட்டு வேட்டி மாட்டிவிடலாம், நாய்த் தலை வைக்கலாம். கதை இல்லை, முடிவு இல்லை. முதல் பாகத்தில் நிறுத்திவிட்டுப் போனால் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அந்தச் சிப்பாய் அதே கதவருகில் காத்துக்கொண்டு நிற்பான். இதில் ஒரு நாள் ஆடாமல் விட்டால் ரேங்க் இறங்கிவிடும். வந்து ஆடு, வந்து ஆடு என்று கழுத்தைப் பிடிக்கிற விளையாட்டாக அதை மாற்றிவிட்டார்கள்.

அந்த ரேங்க்கால்தான் நான் உள்ளே வந்தேன். இரண்டாவது ஷிப்டு வாரங்களில் அண்ணனால் ஆட முடியாது. ஆறு மாதத்துக்கு முன்னால் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்து, “சும்மா உள்ள போய் நில்லு. செத்துப் போனாலும் பரவால்ல. மைக்க மட்டும் தொடாத” என்றான். அம்மாவிடமும் சொல்லிவிட்டுப் போனான். அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஒன்று, விட்டால் மகனுக்கு ஏதோ கெட்டுப்போகும் என்று எடுத்துக்கொண்டாள். எட்டு மணி ஆனால் போதும், நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் வந்து நிற்பாள். “பாப்பா, அண்ணனுது வாடிப்போயிடும்டி. போய் ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்து படி.” விளக்கேற்றுவதைக்கூட அம்மா மறந்திருக்கிறாள். இதை ஒரு நாளும் மறந்ததில்லை.

சும்மா நிற்க என்னால் முடியவில்லை. சுட்டேன், ஜெயித்தேன். அண்ணனின் ரேங்க் ஏறியது. அவன் கூட ஆடுகிற நான்கு பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். கேப்டன் என்று அவர்கள் கூப்பிடுகிறவன் திண்டிவனத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். “மச்சான், நீ தெய்வம்டா” என்று அவன் காதுக்குள் சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது வேறொருவன் பேருக்குப் போகிற புகழ் என்று தெரிந்தும் சந்தோஷப்பட்டேன். இதை முதல் தப்பாக எழுதிக்கொள்.

இரண்டாவது தப்பை எழுதத்தான் கை வரவில்லை. ஒருநாள் எங்கள் அணியில் ஒரு ஆள் குறைந்ததால், எங்கிருந்தோ ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வாயைத் திறந்து பேசினாள், பாவம். “லெஃப்ட்ல ஒருத்தன் இருக்கான்” என்றுதான் சொன்னாள். உடனே மற்ற மூன்று பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். குரல் நல்லா இருக்கே, எந்த ஊரு, நம்பர் குடு என்று. அதற்குமேல் அவர்கள் பேசியதை எழுத மாட்டேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அண்ணன் பேரில் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணன் என்றால் என்ன செய்திருப்பானோ அதைச் செய்யாவிட்டால் சந்தேகம் வரும் என்று பயந்து, “போய் தோசை சுடுடி” என்று டைப் அடித்தேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் போய்விட்டாள். நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். மகனே, அந்தச் சொல் என் கையிலிருந்து வந்தது. நாளைக்கு நீ அப்படி ஒன்றைச் சொன்னால், உன் மாமனிடமிருந்து மட்டும் அது வந்ததாக நினைக்க மாட்டேன். என் ரத்தத்திலும் இருக்கிறது. அதனால்தான் உன்னை நம்ப மாட்டேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் என் முறை வந்தது. அண்ணன் மைக்கை அணைக்காமல் டூட்டிக்குப் போய்விட்டான். நான் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவில் கேப்டனின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். என்னை மறந்து கத்திவிட்டேன். “பின்னாடி வர்றான்! உக்காரு, உக்காரு!” அவன் உட்கார்ந்தான், பிழைத்தான். அதன்பிறகு ஒருவன் ஆரம்பித்தான். “டேய் மச்சான், உன் தங்கச்சியாடா? தங்கச்சி, எங்க முதுகையும் கொஞ்சம் பாரும்மா.” சிரிப்பு. அதை யாரோ பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். நான் காப்பாற்றிய ஆள்தான் விட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் லோடு ஏற்றுகிற இடத்தில், டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா, முன்பின் தெரியாத ஒருவன் போனிலிருந்து என் குரலைக் கேட்டார். அந்தச் சிரிப்பையும் கேட்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு, பாதி லோடோடு வீட்டுக்கு வந்தார். அண்ணனுக்கு அன்று லீவு.

“இது யார் கொரல்டி?” என்று கேட்டார் அப்பா. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியாதுப்பா. நான் டூட்டிக்குப் போன அப்புறம் பாஸ்வேர்ட திருடி ஆடியிருக்கா. பசங்ககூட பேசிக்கினு இருந்துருக்கா” என்றான்.

அவ்வளவுதான், மகனே. மூன்று வாக்கியம். அதற்கு அவன் முகத்தில் ஒரு கோணல்கூட இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். தினம் எட்டு மணிக்கு வந்து கூப்பிட்டவள் அவள்தான். முறத்தில் கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. அப்பா கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னார், “நாளைலேர்ந்து ஸ்கூலுக்குப் போவ வேணாம். பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்ல கெட.” அடுத்த வாரம் எனக்குச் செய்முறைத் தேர்வு.

திங்கள், செவ்வாய், இன்று புதன். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நேற்று அம்மா தலை வாரிவிட வந்தாள். “நீ சொல்லலாம்ல அப்பாகிட்ட? நீதான என்னக் கூப்பிட்டே?” என்று கேட்டேன். அவள் சீப்பை நிறுத்தாமல் சொன்னாள், “அவன் ஆம்பளப் புள்ளடி. தங்கச்சி ஆடித்தான் பேர் வாங்கினான்னு தெரிஞ்சா வெளில தல காட்ட முடியுமா? உன்னுது இன்னா, நாலு மாசத்துல மறந்துடுவாங்க.” அவனுக்குப் போவது ஒரு விளையாட்டில் கிடைத்த பேர். எனக்குப் போவது படிப்பு. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, என் பக்கம் லேசாக இருக்கிறது என்று என் அம்மா முடிவு செய்தாள். அவளுக்கு என்மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிக்கு எடுக்கும்போது வலிக்கக்கூடாது என்று முடியின் அடியைப் பிடித்துக்கொண்டுதான் வாரினாள்.

உனக்குக் காது குத்தும்போது உன் மாமன் மடியில்தான் உட்காரவைப்பார்கள். ஊர்வழக்கம், நான் தடுத்தாலும் நிற்காது. வலித்தால் அழு. ஆனால் அவன் வாயில் போடும் சர்க்கரைக்கு மயங்கி உடனே சிரித்துவிடாதே. அவனைப் பார்த்துத்தான் நீ வளர்வாய் என்று எல்லாரும் சொல்வார்கள். எதைப் பார்க்கக்கூடாது என்று நான் சொல்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் சைக்கிளில் வைத்து விழுப்புரம் வரை மிதித்துக் கொண்டுபோனவன்தான். தன் வெட்கத்தை ஒரு நாள் தாங்கிக்கொள்ள முடியாமல் அதைத் தங்கையின் தலையில் இறக்கி வைத்தான். அதைச் செய்யக் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் உன்னைப் பற்றியும் எனக்குப் பயம்.

இன்று சாயங்காலம் அப்பா சீக்கிரம் வந்தார். அண்ணன் கம்பெனியில் இருந்தான். நான் அப்பா முன்னால் போய் நின்றேன். “நான் திருடி ஆடலப்பா. அவன்தான் ஆடச் சொன்னான். அவன் ரேங்க்க ஏத்துனது நான்தான்” என்றேன்.

“அவன் இல்லாத நேரத்துல அவன் மேல பழி போடறியா?”

“ஆடிக் காட்டறேன். பாத்துட்டு அப்புறம் அடி.”

அப்பா லாரிக்குப் போய் வயரை எடுத்துவந்தார். நம்பி எடுத்துவரவில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எடுத்துவந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றினேன். மைக்கை அணைத்திருக்கிறேனா என்று மூன்று தரம் பார்த்தேன். உள்ளே போனதும் அண்ணன் பேரைப் பார்த்துவிட்டு அவர்கள் ஆரம்பித்தார்கள்.

“டேய், தெய்வம் வந்துடுச்சுடா!”

“இன்னா மச்சான், இன்னிக்கு டூட்டி இல்லியா?”

“தங்கச்சி தூங்கிடுச்சா? எழுப்புடா, முதுகு அரிக்குது.”

அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஆடியிருக்க முடியாது. ‘ஆட்டத்தப் பாரு’ என்று மட்டும் டைப் அடித்தேன். ஆடினேன். எங்கள் ஆட்கள் நால்வரும் செத்து, கடைசியில் நான் ஒருத்தி, எதிரில் மூன்று பேர். மஞ்சள் கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு எண்ணினேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு. முதல் ஆள் விழுந்தான். இருபத்தாறில் மாற்றினேன். இரண்டாமவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு என் துப்பாக்கி காலி என்று நினைத்து ஓடிவந்தான். விழுந்தான். மூன்றாமவன் ஓடினான். விரட்டிப் போய்ச் சுட்டேன்.

“அடப்பாவி!” என்று கத்தினான் கேப்டன். “இதான்டா ஆம்பள ஆட்டம்! அன்னிக்கு உன் தங்கச்சிய உட்டியே, அது மாதிரியா?”

நான் மைக்கை அமுக்கினேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன், யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். “அன்னிக்கும் நான்தான். இன்னிக்கும் நான்தான். ஆறு மாசமா ரெண்டாவது ஷிப்டு வாரமெல்லாம் ஆடுனது நான்தான். எங்கப்பா இங்க பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காரு. முதுகு யாருக்கு அரிக்குது? இப்ப சொல்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

ஒவ்வொரு பேராகத் திரையிலிருந்து மறைந்தது. கேப்டன் மட்டும் போவதற்கு முன்னால், “சாரி அங்கிள்” என்றான். சாரி கேட்டது அப்பாவிடம்.

அப்பா எழுந்து வயரைப் பிடுங்கினார். அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். “அவன்தான் ஆடச் சொன்னானாம். உனக்குத் தெரியுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். உண்மையாகவே ஒரு நொடி பார்த்தாள். அப்புறம், “எனக்கு இன்னாங்க தெரியும், இந்த கம்ப்யூட்டரப் பத்தி?” என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்பா வயரை முழங்கையில் சுற்றினார். “நாளைக்கு ஸ்கூலுக்குப் போ. வூட்ல வச்சிக்கினு இருந்தாத்தான் பேஜாரு” என்றார். தப்பு என்று சொல்லவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை. வயரை எடுத்துக்கொண்டு, வல்லத்தில் லோடு இருக்கிறது என்று லாரியில் கிளம்பிவிட்டார். காலையில்தான் வருவார். எனக்குப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்துவிட்டது. அண்ணன் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது நானும் அம்மாவும் மட்டும்.

அம்மா இப்போது வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அவன் உள்ளே வருவதற்கு முன்னால் பிடித்து, சமாதானம் சொல்லக் காத்திருக்கிறாள். யாரைச் சமாதானப்படுத்த என்று நான் கேட்கவில்லை. கூட்டுரோட்டில் பஸ் நின்று புறப்படுகிற சத்தம் கேட்கிறது. அங்கிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிஷ நடை. நான் போய்ப் படுத்துக்கொள்ளப் போவதில்லை. தூங்குகிற மாதிரி நடித்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

என் அம்மா கெட்ட அம்மா இல்லை, மகனே. ஊரில் கேட்டுப் பார், மகனுக்காக உயிரைக் கொடுப்பாள் என்பார்கள். கொடுப்பாள். நான் உனக்கு அந்த மாதிரி அம்மாவாக இருக்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்வேன், சோறு போடுவேன், படிக்கவைப்பேன். ஆனால் ஒருநாள் ஒருத்தி, உன் தங்கையோ, உன் மனைவியோ, உனக்குப் பேர்கூடத் தெரியாத எவளோ, உன் முன்னால் நின்று நீ செய்ததைச் சொன்னால், எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்து உனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்வேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் மட்டும் வந்து பிற.